கனேலோவின் தகரக் கிண்ணம்

தெல்ஃபினா என்னிடம் முகவரி மாற்றும் படிவம் கேட்டது மார்ச் மாதத்துக் கடைசிச் செவ்வாய்க்கிழமை. காற்று வாய்க்கால் கரை மண்ணையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து என் ஜீப்புக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. இருபத்தாறு வருஷமாக அரோயோ பிந்தோவின் பதினான்கு வீடுகளுக்கும் தபால் போடுகிறவள் நான். அதே ஊரில் பிறந்து அதே ஊர்க்காரனைக் கட்டிக்கொண்டவள் என்பதால், யாருக்கு எங்கிருந்து கடிதம் வரும், யார் அதைப் பிரிக்காமலே அடுப்பில் போடுவார் என்பதுவரைக்கும் எனக்குத் தெரியும். இத்தனை வருஷத்தில் அந்தப் படிவத்தை என்னிடம் கேட்டவர்கள் இரண்டே பேர். இரண்டு பேரும் அப்புறம் ஊர்ப்பக்கம் திரும்பவில்லை.

“யாருக்கு?” என்று கேட்டேன்.

“எனக்கும் சாயோவுக்கும்” என்றாள். சாயோ அவள் இடுப்பில் இருந்தாள். பதினாலு மாதக் குழந்தை. ஒரு கையில் துணி மாட்டும் மரக் கிளிப், இன்னொரு கையில் கடித்துப் போட்ட தோர்த்தியா ரொட்டி.

வீட்டுக்காரன் பெலார்மினோவோடு சண்டையா என்று கேட்க வாயெடுத்தேன். அவன் சாலை போடும் வேலைக்காரன். திங்கட்கிழமை போனால் வெள்ளிக்கிழமை இரவுதான் வருவான். வாரத்துக்கு இரண்டு நாள் பார்க்கிற புருஷனோடு சண்டை போட நேரம் எங்கே இருக்கிறது? கேட்காமல் நின்றேன். அவளே சொன்னாள்.

அன்று காலை எட்டு மணிக்கு அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். குழந்தை வராந்தாவில் உட்கார்ந்து கிளிப்புகளை ஒன்றொன்றாக வாளியில் போடுவதும் எடுப்பதுமாக இருந்தது. திரும்பிப் பார்த்தால், வராந்தாப் படிக்கு ஆறேழு அடி தள்ளி ஒரு கொயோத்தே உட்கார்ந்திருக்கிறது. மலைக்கு மேலே இரவில் ஊளையிடும் கொயோத்தேகளை நாங்கள் யாரும் கண்டுகொள்வதில்லை. ஆட்டுக்குட்டி போடும் பருவத்தில் ஒன்றிரண்டு வேலிப்பக்கம் தலைகாட்டும், கல்லை எடுப்பதற்குள் காணாமல் போய்விடும். நரியைவிடக் கொஞ்சம் உயரம், ஓநாய்க்குப் பாதிகூட இல்லை. மனுஷனைக் கண்டால் ஓடுவதுதான் அதன் பிழைப்பு. இது ஓடவில்லை.

“கத்தினேன் அக்கா. கையில இருந்த ஈரத் துணிய வீசினேன். அது பாட்டுக்கு உக்காந்திருக்கு. ஏதோ சாப்பாட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி என்னையும் பாக்குது, பிள்ளையையும் பாக்குது. பிள்ளையத் தூக்கிட்டு உள்ள ஓடினேன். ஓடுறப்ப பின்னாலயே ரெண்டு எட்டு வந்துச்சு.”

இதைச் சொல்லும்போது அவள் குரல் நடுங்கவில்லை. ஆனால் குழந்தையைப் பிடித்திருந்த கையைத் தளர்த்தவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை அல்புகெர்க்கிப் பட்டணத்தில் இருக்கும் அம்மாவின் மாடிவீட்டுக்குப் போகிறாள், பெலார்மினோ வார விடுமுறைக்கு அங்கே வந்துகொள்ளட்டும், இதுதான் முடிவு. மாமனாரிடம் சொல்லியாகிவிட்டதா என்றேன். இன்னும் இல்லையாம். சாப்பிடும்போது சொல்லப் போகிறாளாம். நீயும் உள்ளே வா என்று கண்ணாலேயே கேட்டாள். படிவத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு ஜீப்பை ஓரம் கட்டினேன்.

மாமனார் என்றால் சும்மா ஆளில்லை. ஓனோஃப்ரே மயெஸ்தாஸ் எங்கள் வாய்க்காலுக்கு முப்பது வருஷமாக மயோர்தோமோ. மலையில் பனி உருகி வருகிற தண்ணீரை யாருக்கு எந்த நாள், எத்தனை மணி நேரம் என்று முறை வைப்பவர். அவர் சொன்னால் மதகு திறக்கும், அவர் சொன்னால் மூடும். ஒரு முறைத்தண்ணீர் தவறிப்போனவன் அடுத்த முறை வரும்வரை வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இப்படிப்பட்ட மனுஷருக்கு ஜனவரியில் நாய் வைத்தியர் என்று இன்னொரு பெயரும் கிடைத்தது. அந்தக் கதையைச் சொல்லாவிட்டால் இந்தக் கதை விளங்காது. அதில் எனக்கும் பங்கு இருக்கிறது என்பதால் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகவும் இருக்கிறது.

அவர் நாய் கனேலோவுக்குப் பதினாலு வயது. பல் எல்லாம் போயாச்சு. கிறிஸ்துமஸ் முடிந்ததும் சாப்பாட்டைத் தொடாமல் சுருண்டு படுத்துவிட்டது. ஓனோஃப்ரே இலையுதிர் காலத்தில் மலையில் தோண்டி வைத்திருந்த ஓஷா என்னும் மூலிகை வேரை எடுத்து, இடித்து, ஆட்டுக்கொழுப்போடு காய்ச்சி, ஒரு கரண்டி அதன் வாயில் ஊற்றினார். நாய் முறைத்துப் பார்த்துவிட்டுத் தும்மியது. அன்று சாயங்காலம் வராந்தாவில் தகரக் கிண்ணம் நிறையப் பீன்ஸும் எலும்பும் வைத்தார். விடிந்து பார்த்தால் கிண்ணம் கழுவி வைத்ததுபோல் இருந்தது.

அதற்குப் பிறகு ஊரில் அவர் பேச்சைத் தாங்க முடியவில்லை. தினமும் கிண்ணம் காலி. அவர் அளவைக் கூட்டினார், அதுவும் காலி. கனேலோ மட்டும் துளி சதை போடவில்லை. வயசான உடம்பில் சோறு எலும்புக்குத்தான் போகும் என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார். இருமுகிற நாய், இளைத்த நாய், ஒரு குறையும் இல்லாமல் வெறுமனே சோம்பிக் கிடக்கிற நாய் என்று பதினோரு வீட்டு நாய்களுக்கு மருந்து போனது. மருந்து கொடுத்த பிறகு சாயங்காலம் வெளியே வயிறாரச் சாப்பாடு வைக்கவேண்டும், இது பத்தியம். பதினோரு வீட்டிலும் கிண்ணம் காலியானது. அந்தப் பாட்டில்களையெல்லாம் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தது என் தபால் ஜீப்தான். தபால் இலாகாவில் யாராவது இதைப் படித்தால், அது நான் இல்லை.

மேஜையில் பச்சை மிளகாய் போட்டுக் கொதித்த பீன்ஸும் சூடான தோர்த்தியாவும் இருந்தன. தவக்காலம் என்பதால் இறைச்சி இல்லை. ஓனோஃப்ரே சட்டைக்கையை மடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். சனிக்கிழமை வாய்க்கால் தூர்வாருவதற்கு மண்வெட்டிகளைத் தீட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே எழுந்து வந்திருந்தார். சாயோ உயர நாற்காலியில் இருந்தாள். கனேலோ வழக்கம்போல் அதன் அடியில் படுத்திருந்தது.

தெல்ஃபினா சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள். அவர் கரண்டியைக் கீழே வைத்தார். மழை இல்லாத வருஷம், அதுதான் பசியில் கீழே இறங்கியிருக்கிறது என்றார். ரோட்டோரத்து வீட்டுக்காரர்கள் குப்பையை மூடுவதில்லை என்றார். பக்கத்து வீட்டு எலிசேயோ விஷம் வாங்கி வைத்திருக்கிறானாம், நான்கு இடத்தில் வைத்தால் கதை முடிந்தது என்றார்.

“விஷத்த கொயோத்தே மட்டுந்தான் திங்கணும்னு அதுல எழுதியா இருக்கு?” என்றாள் தெல்ஃபினா. “தரையில கிடக்கிறது எல்லாம் இவ வாய்க்குத்தான் போகுது. கனேலோ இருக்கு. எலிசேயோ வீட்டுப் பூனை இருக்கு. விஷம் வச்சா நான் ஞாயித்துக்கிழமை வரைக்கும்கூட இருக்க மாட்டேன் மாமா.”

குழந்தை கையை நீட்டியது, அவர் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அது அவர் மீசையைப் பிடித்து இழுத்தது. அவர் இழுக்க விட்டார். பெண்சாதி போய் ஒன்பது வருஷம். அந்த வீட்டில் மறுபடி சிரிப்புச் சத்தம் கேட்க ஆரம்பித்ததே இந்தக் குழந்தையால்தான் என்பது ஊருக்கே தெரியும். எனக்கு அவரைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. பீன்ஸை விழுங்கிவிட்டு எழுந்தேன்.

கிளம்பும்போது தெல்ஃபினா வாசல்வரை வந்தாள். வராந்தாவில் கிண்ணம் இருந்த மூலையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அக்கா, காலையில அது என்னப் பாத்துச்சு, பிள்ளையப் பாத்துச்சுன்னு சொன்னேன்ல. நடுவுல இந்த மூலையையும் பாத்துச்சு.”

அன்று சாயங்காலம் மாமனார் கிண்ணத்தை நிரப்பி வைத்துவிட்டு உள்ளே போனதும், அவள் அடுப்புச் சாம்பலை ஒரு முறம் எடுத்து வந்து கிண்ணத்தைச் சுற்றிச் சலித்துத் தூவியிருக்கிறாள். புதன்கிழமை காலை நான் போனபோது விடிந்ததும் அந்த மூலையைச் சுற்றி நான்கு பலகைகளை நிறுத்திக் காற்றுக்கு மறைப்புக் கட்டி வைத்திருந்தாள். ஓனோஃப்ரே இடுப்பில் கை வைத்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். கிண்ணம் காலி.

சாம்பலில் தடங்கள் அச்சு வைத்ததுபோல் இருந்தன. ஒடுங்கிய, நீள்வட்டப் பாதம். நகம் இரண்டு முன்னால் நெருங்கிப் பதிந்திருந்தது. ஒரே கோட்டில் வந்து, கிண்ணத்தைச் சுற்றி, ஒரே கோட்டில் போயிருந்தது. கனேலோவின் பாதம் அகலமானது, அதுவும் பின்னங்காலை இழுத்து இழுத்து நடக்கும். அந்தத் தடம் ஒன்றுகூட இல்லை.

“நாய் நடந்த பிறகு காத்து அழிச்சிருக்கும்” என்றார் ஓனோஃப்ரே.

“நாய்த் தடத்த மட்டும் பாத்து அழிச்ச காத்தா, மாமா?”

அவர் விடவில்லை. கிண்ணத்தில் புதிதாகப் பீன்ஸ் போட்டு, உள்ளே எடுத்துப்போய்க் கனேலோவின் மூக்குக்கு நேராக வைத்தார். நாய் ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவர் முழங்காலிட்டு உட்கார்ந்து, பெயர் சொல்லிக் கெஞ்சினார். அது கண்ணை மூடிக்கொண்டது.

அந்த நேரம் பார்த்துச் சாயோ மேலே நாற்காலியிலிருந்து பாலில் ஊறிய தோர்த்தியாத் துண்டு ஒன்றைக் கீழே போட்டாள். பல் இல்லாத கிழட்டு நாய் தலையைக்கூடத் தூக்காமல் நாக்கை நீட்டி அதை இழுத்துக்கொண்டது. அடுத்து ஒரு கரண்டி கஞ்சி விழுந்தது. அதையும் நக்கியது. குழந்தை கீழே எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டு, தன் வாய்க்கு ஒரு வாய், நாய்க்கு ஒரு வாய் என்று கணக்காகப் போட்டுக்கொண்டே இருந்தது. சாயோ அந்த நாற்காலியில் உட்காரத் தொடங்கியதும் ஜனவரியில்தான்.

நாங்கள் மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை, தபால் பையை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். ஜீப்பை எடுக்கும்போது பின்னால் தெல்ஃபினாவும் சிரிப்பது கேட்டது. ஓனோஃப்ரேயின் சத்தம் மட்டும் கேட்கவில்லை.

அவர் அன்று முழுவதும் கொட்டகையைவிட்டு வெளியே வரவில்லையாம். மண்வெட்டி தீட்டும் சத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்ததாம். பதினோரு வீட்டுக்காரர்களுக்கு முன்னால் இனி எந்த முகத்தோடு நிற்பது என்பதுதான் அவர் கவலை என்று எனக்குப் புரிந்தது. என் ஜீப்பில் இன்னும் இரண்டு பாட்டில்கள் இருந்தன. அவற்றை இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

தெல்ஃபினா சும்மா இருக்கவில்லை. புதன்கிழமை மதியமே அல்புகெர்க்கிக்குப் போன் போட்டிருக்கிறாள், வருகிற விஷயத்தைச் சொல்ல. அம்மாக்காரி சந்தோஷப்பட்டுவிட்டு, கொயோத்தே என்றதும், இங்கே மட்டும் இல்லையா என்ன, ஆற்றங்கரைப் பூங்காவில் தினம் ஒன்று நடைப்பயிற்சிக்கு வருகிறது என்றாளாம். நகரசபைக்காரர்கள் பூங்கா வாசலில் பெரிய பலகை வைத்திருக்கிறார்களாம். அதை ஒப்பிப்பதுபோல் மகளுக்குச் சொல்லியிருக்கிறாள். சாப்பாடு எதையும் வெளியே வைக்காதே. கண்டால் திரும்பி ஓடாதே, ஓடினால் அது துரத்தப் பார்க்கும். குழந்தை இருந்தால் தூக்கிக்கொள். நேராகப் பார்த்துக்கொண்டு நில், கையைத் தூக்கி உன்னைப் பெரிதாக்கிக் காட்டு, சத்தம் போடு, அது போகும்வரை நிறுத்தாதே. சிரங்கோடு நோய்ப்பட்டதாகவோ, வெறி பிடித்தாற்போலவோ இருந்தால் கிட்டப் போகாமல் அதிகாரிகளைக் கூப்பிடு.

“அங்கயும் அது இருக்கு அக்கா” என்று என்னிடம் சொல்லும்போது தெல்ஃபினாவுக்குக் கோபமா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. “ஆனா அங்க வாசல் மூணாவது மாடியில இருக்கு.”

வியாழக்கிழமைக்குள் அவள் வீடு வேறு வீடாகியிருந்தது. கிண்ணம் உள்ளே போயிருந்தது. குப்பைத் தொட்டி மூடிக்குக் கம்பி கட்டியிருந்தாள். கொட்டகைக்குப் பின்னால் ஓனோஃப்ரே கொட்டி வைத்திருந்த அழுகல் ஆப்பிளைக் குழி வெட்டிப் புதைத்துவிட்டாள். கோழிக்கூண்டின் வலையை மண்ணுக்குள் ஒரு முழம் இறக்கி, மேலே கல் அடுக்கியிருந்தாள். கதவோரம் ஒரு காப்பித் தகர டப்பா, அதில் பாதிக்குக் கூழாங்கல். மாமனாரின் பழைய ஆட்டுத்தோல் மேல்சட்டை அதற்குப் பக்கத்து ஆணியில் தொங்கியது.

அன்று சாயங்காலம் நான் ஓனோஃப்ரேக்கு வந்த பூட்ஸ் பார்சலைக் கொடுக்கப் போயிருந்தேன். வெயில் இறங்கி மலை சிவந்திருந்த நேரம். சமையலறை ஜன்னலில் காப்பியோடு நின்ற நான்தான் முதலில் பார்த்தேன். வேலியின் உடைந்த கம்பி வழியாகக் கொயோத்தே வந்தது. வழி பழகிய நடை. நேராக வராந்தா மூலைக்கு வந்து, வெறும் பலகையை முகர்ந்து, கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்தது. மயிர் பளபளவென்று, ஊரிலேயே நன்றாக வளர்ந்த நாய் மாதிரி இருந்தது. எங்கள் சோற்றில் வளர்ந்ததுதானே.

தெல்ஃபினா குழந்தையை என்னிடம் கொடுத்தாள். அந்தப் பெரிய மேல்சட்டையை மாட்டிக்கொண்டு, டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அவள் படிக்கு மேலே நின்று சட்டையின் இரண்டு பக்கத்தையும் விரித்துத் தூக்கினாள். டப்பாவை உலுக்கினாள். அந்தச் சத்தத்துக்கு என் பல்லே கூசியது. கொயோத்தே எழுந்து பத்து எட்டுப் போய், நின்று, திரும்பிப் பார்த்தது. இவளும் படி இறங்கி நான்கு எட்டு முன்னால் வைத்தாள். கண்ணை எடுக்கவில்லை. மறுபடி உலுக்கினாள். “போ. இங்க உனக்கு ஒண்ணுமில்ல. போ” என்று அவள் போட்ட சத்தத்தில் கொட்டகைக் கதவு திறந்து ஓனோஃப்ரே எட்டிப் பார்த்தார். கொயோத்தே இந்தத் தடவை வேலியைத் தாண்டிவிட்டது. அது வெளியே போய் வாய்க்காலைக் கடக்கும்வரை அவள் நிறுத்தவில்லை.

அது மலைப்பக்கம் போகவில்லை. வாய்க்கால் கரையோடு நூறு கஜம் நடந்து எலிசேயோ வீட்டுக் கொல்லைக்குள் நுழைந்தது. அங்கேயும் ஒரு கிண்ணம் இருந்தது. சாவகாசமாகத் தின்றது.

மாமனாரும் மருமகளும் ஆளுக்கொரு இடத்தில் நின்று அதைப் பார்த்தார்கள். அப்புறம் அவள் அவரிடம் போனாள். நான் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தேன். ஒட்டுக்கேட்பது கெட்ட பழக்கம்தான்.

“நம்ம வீட்ட மட்டும் அடைச்சுப் பிரயோசனமில்ல மாமா. பதினோரு வீட்ல கிண்ணம் இருக்கு. அங்க தின்னு கொழுத்துட்டு, நாளைக்கு இங்க வந்து எட்டிப் பாக்கும். நான் போய்ச் சொன்னா, பட்டணத்துக்காரி பயந்துட்டாம்பாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க.”

“முப்பது வருஷமா அந்தக் கரையில நின்னு நான் சொன்னதுதான் சொல்லு” என்றார் அவர். “இப்ப அங்கயே நின்னு என்னத்தம்மா சொல்ல?”

“கிண்ணத்த ராத்திரி உள்ள எடுத்து வைங்கன்னு. அவ்வளவுதான்.”

“அதச் சொல்லணும்னா மத்ததையும் சொல்லணுமே.”

அவள் உள்ளே வந்து அலமாரி மேலிருந்த பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் முழுசாக இருந்தது.

சனிக்கிழமை காலை தூர்வார ஊரே வந்திருந்தது. வீட்டுக்கு ஓர் ஆள், ஆளுக்கொரு மண்வெட்டி. காற்று நின்று, வெயில் இதமாக இருந்தது. வருஷா வருஷம் போலவே ஓனோஃப்ரே அளவுக்கோலோடு வாய்க்காலுக்குள் முன்னால் நடந்து, கோடு கிழித்து, இது உனக்கு, இது உனக்கு என்று பிரித்துக்கொண்டே போனார். ஒவ்வொருவரும் தன் துண்டில் குனிந்து, குளிர்காலத்து வண்டலையும் வில்லோ மரத்து வேரையும் வெட்டிக் கரையில் எறிவார்கள். எல்லோரும் முடித்ததும் அவர் ஒரு குரல் கொடுப்பார், மொத்தக் கூட்டமும் மேலே ஏறி அடுத்த துண்டுக்கு நகரும். வெள்ளி இரவு வந்த பெலார்மினோவும் இருந்தான். பெட்டியைப் பார்த்தவன், யார் பக்கம் பேசுவது என்று தெரியாமல் இரண்டு ஆள் வேலையை ஒரே ஆளாகச் செய்துகொண்டிருந்தான். கணவனுக்கு முதுகுவலி என்று எங்கள் வீட்டு மண்வெட்டியோடு நான் போயிருந்தேன்.

எலிசேயோவுக்கு ஒரே பேச்சு. அவன் நாய்க்கு மருந்து பிடித்துவிட்டதாம், நாளுக்கு இரண்டு கிண்ணம் காலியாம். இன்னொரு பாட்டில் வேண்டுமாம். ஓனோஃப்ரே அளவுக்கோலைக் கை மாற்றிக்கொண்டு அவனைத் தாண்டிப் போனார்.

மதியம் மதகுப் பக்கம் வேலை முடிந்தது. பெண்கள் சாப்பாட்டோடு வந்தார்கள். தெல்ஃபினா சிவப்பு மிளகாய்க் குழம்பில் போட்ட தோர்த்தா என்னும் முட்டை அடையைப் பெரிய சட்டியில் கொண்டுவந்திருந்தாள், குழந்தை முதுகில். தண்ணீர் திறப்பதற்கு முன் மயோர்தோமோ அந்த வருஷத்து முறையைப் படிப்பது வழக்கம். எல்லோரும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்கள். ஓனோஃப்ரே கரைமேல் ஏறித் தொப்பியைக் கழற்றினார். முறை படிக்கும்போது அவர் தொப்பியைக் கழற்றி நான் பார்த்ததில்லை.

“முறையப் படிக்கிறதுக்கு முந்தி ஒரு விஷயம். என் மருந்து குடிச்சுக் கனேலோ தேறிடுச்சு, கிண்ணத்தக் காலி பண்ணுதுன்னு உங்க எல்லாருகிட்டயும் சொன்னேன். காலி பண்ணினது கனேலோ இல்ல. கொயோத்தே.”

ஒரு மண்வெட்டி கீழே விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை, நம்புவதா வேண்டாமா என்று தெரியாததால்.

“அப்ப என் நாய்?” என்றான் எலிசேயோ.

“உன் நாயும் அதேதான். ஊர்ல என் மருந்தால தேறினது ஒரே உசிருதான். அதுக்கு நான் மருந்து குடுக்கவே இல்ல.”

அப்போதுதான் சிரிப்பு வந்தது. முதலில் பெலார்மினோ, அப்புறம் பெண்கள், கடைசியில் எலிசேயோ கரையில் உட்கார்ந்தே விட்டான். அது அடங்கும்வரை ஓனோஃப்ரே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். முகம் சிவந்திருந்தது. ஆனால் இறங்கவில்லை.

“சிரிச்சாச்சுல்ல. இப்பக் கேளுங்க. மூணு மாசம் நம்ம கையால சோறு போட்டிருக்கோம். அது என் வாசல்ல வந்து பேத்திக்கு எதுத்தாப்ல உக்காந்துச்சு. பகை ஒண்ணுமில்ல, சாப்பாடு எங்கன்னு கேட்டுச்சு. நாம பழக்கினோம், அது பழகிடுச்சு. மலையில குட்டி போடுற நேரம் இது. இன்னும் பசிக்கும். அடுத்த தடவ கேக்காம எடுத்துக்கிட்டா அதுவா குத்தவாளி?”

அப்புறம் அவர் பழைய ஓனோஃப்ரே ஆனார். பொழுது சாய்ந்தபின் யார் வீட்டுக்கு வெளியில் கிண்ணம் இருந்தாலும், குப்பைத் தொட்டி திறந்து கிடந்தாலும் அந்த வீட்டுக்கு ஒரு முறைத்தண்ணீர் கிடையாது என்றார். கண்டால் ஓடக்கூடாது, நின்று விரட்டவேண்டும், வீட்டுக்கொரு டப்பா கூழாங்கல் இருக்கவேண்டும். விஷம் வைக்கிறவனுக்குக் கோடை முழுவதும் தண்ணீர் கிடையாது என்றும் சொன்னார். எலிசேயோ மண்வெட்டிக் காம்பைச் சுரண்டிக்கொண்டே, அது எலிக்கு வாங்கினது என்றான்.

இதையெல்லாம் யார் வீடு வீடாகப் பார்த்து எழுதுவது என்று யாரோ கேட்டார்கள்.

“என் மருமக எழுதுவா” என்றார் ஓனோஃப்ரே. அவள் இருந்த பக்கம் பார்க்காமல் தொப்பியை மாட்டிக்கொண்டார். “கண்டுபிடிச்சது அவதான். விரட்டினதும் அவதான். அவ ஊர்ல இருக்கிறதா இருந்தா.”

எல்லோர் கண்ணும் தெல்ஃபினா பக்கம் திரும்பியது. அவள் தோர்த்தாவைத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. முதல் தட்டை எடுத்துக்கொண்டு கரை ஏறிப்போய் மாமனாரிடம் கொடுத்தாள். ஆறிப்போகும், முதலில் சாப்பிடுங்கள், அப்புறம் முறை படிக்கலாம் என்றாள். அவர் வாங்கிக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்தார். நான் கண்ணைத் துடைத்தேன். மிளகாய் என்று சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் போகவில்லை. ஒரு வாரம் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னாளாம். அந்த வாரம் கொயோத்தே நான்கு வீட்டில் தலைகாட்டியது. நான்கிலும் டப்பாச் சத்தம். எலிசேயோவின் பெண்சாதி சட்டிமூடிகளைத் தட்டியதில் அவனே கொட்டகையைவிட்டு ஓடினான் என்று சொன்னார்கள். அடுத்த வாரம் ஒரே ஒருமுறை, வேலிக்கு வெளியே. அதற்குப் பிறகு மலைமேல் ஊளை மட்டும்தான், முன்பு போல. இப்போது அதைக் கேட்டால் சாயோ தன் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து உலுக்குகிறாள்.

மே மாதம் ஒரு நாள் அவர்கள் வீட்டுக்குத் தபால் கொண்டுபோனேன். வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. ஊரில் எல்லோர் வீட்டு மிளகாய் நாற்றும் நனைந்திருந்தது. ஓனோஃப்ரே மட்டும் தன் பீன்ஸ் வரிசைக்கு வாளியில் தண்ணீர் சுமந்து ஊற்றிக்கொண்டிருந்தார், சீட்டி அடித்தபடி. மயோர்தோமோ எதற்கு வாளி தூக்குகிறார் என்று கேட்டேன். உள்ளே போய்க் கேளு என்றார்.

தெல்ஃபினாவிடம் வேறொன்று கேட்டேன். அந்தப் படிவம் வேண்டாம் என்றால் திருப்பிக் கொடு, வேறு யாருக்காவது ஆகும் என்றேன். அவள் சிரித்துக்கொண்டே போய்க் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டியிருந்ததை எடுத்து வந்தாள். புது முகவரி எழுதவேண்டிய இடத்தில் சாயோ சிவப்பு மெழுகு வண்ணக்குச்சியால் கிறுக்கியிருந்தாள். திருப்பினேன். பின்பக்கத்தில் தண்ணீர் இழந்தவர்களின் பட்டியல். எலிசேயோ, குப்பைத் தொட்டி. ரோட்டோரத்து இரண்டு வீடு. எல்லாவற்றுக்கும் மேலே முதல் வரி: ஓனோஃப்ரே மயெஸ்தாஸ், ஏப்ரல் கடைசிச் செவ்வாய், கிண்ணத்தை மறந்து வெளியே விட்டது, ஒரு முறை.

மற்ற வரிகள் தெல்ஃபினாவின் எழுத்து. முதல் வரி மட்டும் கோணல்மாணலாக, முப்பது வருஷமாக முறைப்பட்டியலில் நான் பார்த்துப் பழகிய எழுத்து.

“நான் பாக்கவே இல்ல அக்கா” என்றாள். “காலையில அவரே வந்து எடுத்து, எல்லாத்துக்கும் மேல எழுதிட்டுப் போனாரு.”

படிவத்தை அவளிடமே கொடுத்தேன். பின்பக்கத்தில் இன்னும் இடம் இருந்தது.